ஒன்பதாவது கட்டம்

மொனராகலையிலிருந்து சுமனவீர அனுப்புவது இரண்டு கிலோ.
சாக்கின்மேல் சிங்களத்தில்
கபு கினிஸ்ஸ என்று எழுதியிருப்பார்,
பஸ்ஸின் வெக்கையில் மை ஊறியிருக்கும்.
நமக்கு அது கத்தூரி வெண்டை.
சாம்பல் கோடுகள் ஓடிய விதை,
ஒரு நகத்தின் மேல் நாலு நிற்கும்.

இடித்து நீராவியில் விட்டால்
மெழுகாய் உறைந்து வருகிறது எண்ணெய்.
உள்ளங்கைச் சூட்டுக்குத்தான் இளகும்.
பூசிய பிறகு மூன்று நாள்
தலையணையை விட்டுப் போகாதாம்.
போகாதாம் என்றுதான்
என்னால் சொல்லமுடியும்.
எனக்கு அது மணப்பதில்லை.

கொம்பனித்தெருவில் யார் வீட்டில்
பால் அடிப்பிடிக்கிறதென்று
நாலாம் மாடியிலிருந்தே சொல்வேன்.
வாடப்போகும் மல்லிகையை
வாடுவதற்கு முன்பே தெரியும்.
வெட்டிவேரை முகர்ந்து
அது மழைக்கு முன் பிடுங்கியதா பின்னா என்று
ஐந்தாம் குறுக்குத்தெரு வியாபாரியோடு சண்டை பிடித்து
வென்றிருக்கிறேன்.
கத்தூரி மட்டும்
சுவரில் வரைந்த கதவு.
சிலருக்கு இப்படித்தான் என்றார் டொக்டர்,
காது மூக்குக்கு ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு.

மான் தன் மணத்தைத் தேடிக்
காடெல்லாம் ஓடிய கதையை
என்னிடம் சொல்லவேண்டாம்.
அதற்காவது மணந்தது.

ஆகவே மூக்குகளைக் கடன் வாங்குகிறேன்.
கணக்குக் கொப்பியில் ஒன்பது கட்டம்.
கீழே போட்டோக்கொப்பிக் கடை பவதாரிணி:
மழையில் நனைந்து காய்ந்த பாடப்புத்தகம்.
வங்கிக் காசாளர் மர்சூக்:
பேரிக்காய்த் தோல், கொஞ்சம் வைன்,
வைன் என்பது கேள்விப்பட்டதுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.
என் மகள் இனாயா:
தூங்கும்போது உங்கட கழுத்து, உம்மா.
ஓட்டோ லக்மால் மூன்று தரம் முகர்ந்து
ஒன்றுமில்லை மிஸ் என்றான்.
அன்று அவனுக்கு
மீட்டருக்கு மேலே நூறு ரூபா கொடுத்தேன்.
ஒன்பதாவது கட்டத்தில் என் பெயர்.
பெயருக்கு எதிரே ஒரு கோடு.

நோன்புக் கஞ்சிக்கு
நாக்கில் வைக்காமலே உப்புப் போடுகிறவள்போல
துளி எண்ணி விடுகிறேன்,
ரோஜாவுக்கு இத்தனை, சந்தனத்துக்கு இத்தனை.
வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வருகிறார்கள்.
எதற்காக என்று
அவர்களுக்குத்தான் தெரியும்.

மின்தூக்கி நின்றுபோன செவ்வாய்க்கிழமை
தண்ணீர்ப் போத்தலைத் தோளில் சுமந்து
நாலு மாடி ஏறிவந்தார் துவான் நிலாம்.
வாசலிலேயே நின்றுவிட்டார்.
பத்தொன்பது லீட்டர், இறக்கவில்லை.
உள்ளே என்ன வைத்திருக்கிறீங்க என்றார்.

காய்ச்சல் வந்துபோன பதினாலு மாதமாக
அவருக்குப் பிளேன்டீயும் சுடுதண்ணீரும் ஒன்று.
கருவாடு பொரித்தாலும் வெறும் புகை.
ஒருநாள் காஸ் கசிந்ததைக்கூட
பக்கத்து வீட்டார் வந்துதான் சொன்னார்களாம்.

மேசையில் ஏழு சீசா.
ஒவ்வொன்றாய்த் திறந்து நீட்டினேன்.
ஏலம், தலையை ஆட்டினார்.
ரோஜா, இல்லை.
சந்தனத்தில் கொஞ்சம் தயங்கினார்,
ஆசையில் தயங்கியது, மணத்தில் அல்ல.
கத்தூரி வெண்டைக்கு
மூடியைத் திருகும்போதே கண்ணை மூடினார்.

எப்படி இருக்கிறது என்றேன்,
பேனையைத் திறந்தபடி.
புத்தகம், பேரிக்காய், கழுத்து
ஏதாவது ஒன்று வருமென்று காத்திருந்தேன்.
கீழே தெருவில் ரயில்வே கேட்டை மூடும் மணி
அடித்து ஓய்ந்தது.

இருக்கிறது, என்றார்.

கொப்பியில் கட்டம் மிச்சமில்லை.
என் பெயருக்கு எதிரே கிடந்த கோட்டின் மேலேயே
அதை எழுதினேன்.

விலை கேட்டார். சொன்னேன்.
தண்ணீர்க் கணக்கில் கழிப்போம் என்றார்,
எட்டுப் போத்தல்.
மின்தூக்கி திருத்தும்வரை என்றால்
நாலு போதும் என்றேன்.