இரட்டைப் பதிவு

பல்லடத்தில் எங்கள் சர்வர் அறைக்கு
ஏசி உண்டு, எனக்கு இல்லை.
கதவைத் திறந்துவைத்து அதன் குளிரில் உட்கார்ந்து
ஆறு ஆஸ்பத்திரிகளின் நெஞ்சு ஸ்கேன்களை
ஒரே தொட்டிக்குப் பாய்ச்சுவது என் வேலை.

வாய்க்கால் முறைதான்.
திங்கள் ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை கோபி,
இரண்டுக்கு மேல் கரூர்.
தாராபுரத்துக்கு லைன் மெலிசு, அதனால்
ஞாயிறு முழுக்க அவர்களுக்கே விட்டிருக்கிறேன்.
போன மாதம் கரூர்க்காரர் முறை தப்பி மடை திறக்க
கோபியின் முந்நூறு படம் பாதியில் நின்றது.
விடிந்ததும் இருவரும் என்னைப் பிடித்தார்கள்,
வரப்புத் தகராறுக்கு வந்த பங்காளிகள் மாதிரி.

நாங்கள் கேட்டது மில்லில் பஞ்சுத் தூசி தின்ற நுரையீரல்.
ஓர் ஊரில் அதற்கு 'நெஞ்சு', ஓர் ஊரில் 'மார்பு',
ஈஸ்வரமூர்த்தி எல்லாவற்றுக்கும் 'சளி' என்றே பெயர் வைப்பார்.
உடுமலை மெஷினின் கடிகாரம் முந்தி ஓடுகிறது;
அங்கே எல்லாருக்கும் சீக்கு
பதினேழு நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும்.

"ஏனுங்க, எங்க படத்தையெல்லாம் குடுத்தா
எங்களுக்கு என்னுங்க லாபம்?"
கோபி மேனேஜர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்.
கட்டுரையில உங்க பேரு வருமுங்க.
"எத்தனாவதா?"

பேரை உரிப்பது முதல் காரியம்.
பேர், ஊர், செல் நம்பர், புருஷன் பேர்.
பிறந்த தேதியில் வருஷம் மட்டும் தங்கும்.
எண்ணுக்கும் ஆளுக்கும் நடுவிலுள்ள நோட்டு
அந்தந்த ஆஸ்பத்திரி பீரோவில்.
என்னிடம் இருக்கக் கூடாது என்று விதி எழுதியது
நான்தான்.

மார்ச் கடைசியில் இரட்டைப் பதிவு தேடினேன்.
ஒரு ஜோடி மஞ்சளாக எழும்பியது.
கோபி 0417. கரூர் 1163.
இரண்டிலும் இடது ஆறாம் விலா
ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது.
தாலிக்கொடியில் கோத்த ஊக்குகள் வெள்ளையாக:
முதல் படத்தில் மூன்று,
பதினாலு மாதம் கழித்து இரண்டு.
ஒன்றை யாருக்கோ கழற்றிக் கொடுத்திருப்பாள்.

கோபியில் வலப்புறம் ஒரு புள்ளி, நாலு மில்லிமீட்டர்.
'அடுத்த வருஷம் பார்க்கலாம்.'
கரூரில் அதே இடத்தில் பதினொன்று.
'பழைய தழும்பாக இருக்கலாம்.'
நாலைப் பார்த்தவருக்குப் பதினொன்று தெரியாது,
பதினொன்றைப் பார்த்தவருக்கு நாலு.

ஆய்வுக்கு விதி சுலபம்: இரண்டில் ஒன்றை நீக்கு.
நீக்கினேன். 4,812 என்பது 4,811 ஆனது.

கமிட்டி கூட இன்னும் பன்னிரண்டு நாள்.
டாக்டர் நசீமாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு
கோபி சாமியாத்தாளையும் கரூர் தங்கமுத்துவையும்
ஒரே போனில் பிடித்தேன்.
நோட்டை எடுங்க. எனக்குப் பேர் சொல்ல வேண்டாம்.
நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க.
பீரோ கிறீச்சிட்டது. தாள் புரண்டது.
சாமியாத்தாளுக்கு எதையும் வாய்விட்டுத்தான் படிக்க வரும்.
போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள்
முதல் எழுத்து விழுந்துவிட்டது.
ப.

அவர்கள் கூப்பிட்டார்களா, அவள் வந்தாளா,
கேட்க எனக்கு அனுமதி இல்லை.

ஜூனிலிருந்து கோவைப் படங்களும் வருகின்றன.
வலப்புறம் தையல் போட்ட நெஞ்சு எதிர்ப்பட்டால்
ஊக்குகளை எண்ணுகிறேன்.
ஆய்வுப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.