அரை அடி வளைவு

நகரசபை அனுப்பிய வரைபடத்தில்
எங்கள் ஒழுங்கை நேராக இருந்தது.
அடிமட்டம் வைத்து இழுத்த கோடு
மட்டிக்களிக் கரையில் தொடங்கி
ஐந்து குசினி, ஒரு கக்கூசு,
மேரி சுவந்தியின் கோழிக்கூடு
எல்லாவற்றையும் ஊடறுத்து
பெரிய றோட்டில் ஏறியது.
நூற்றுப் பதினேழு வீடுகளுக்கு மேல்
சாம்பல் பூசி
‘வெற்றுக் காணி’ என்று எழுதியிருந்தார்கள்.

குசுமாவதி அக்கா அதைத் திருப்பிப் போட்டா.
பின்பக்கம் வெள்ளை.
“இதில கீறுவம்” என்றா,
முப்பது வருசம் எங்களோடு
குழாயடியில் ஏசிப் பழகிய தமிழில்.

மாசி முழுக்க அளந்தோம்.
அளவுநாடா ஒன்றுதான்,
மிச்சமெல்லாம் முடிச்சுப் போட்ட வலைக்கயிறு.
ஜெஸீமா குறித்தாள்:
மார்கழி வெள்ளம் எவர் வீட்டில் எந்தப் படி ஏறியது,
எந்த முடக்கில் விளக்கில்லாமல்
பெட்டைகள் டியூசன் விட்டு ஓடி வருகிறார்கள்.
நாய்கள் படுக்குமிடமும் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள்.
அதையும் போட்டோம்.

ஒட்டிய தாளை வெயிலில் விரித்த அன்று
கோட்டைப் பக்கத்து மானொன்று வந்து
கிழக்கு மூலையைத் தின்றுவிட்டது.
பதினொரு வீடுகள்.
கோதுமைமாப் பசை ருசித்திருக்கும்.
திரும்ப அளக்கப் போனோம்,
பன்னிரண்டு இருந்தது.
தறப்பாளுக்குப் பின்னால், வாடகைக்கு,
கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்.
முதல்தரம் நாங்களும்
வெற்றுக் காணி என்றுதான் கடந்திருக்கிறோம்.

பிரச்சினை பவுசர்.
குழி நிரம்பினால் அதன் குழாய்
எண்பது அடிதான் எட்டும்.
அதற்கு அப்பால் உள்ளவர்களுக்கு
இரவு, வாளி, களப்பு.
வண்டி உள்ளே வர ஒன்பது அடி வேண்டும்.
இருந்தது ஆறு, என் வாசலில் அதுவும் இல்லை.

நீற்றுத்தூளால் நிலத்திலேயே கீறினோம்.
அவரவர் தன் வாசலில் நின்று
தான் விடுவது எவ்வளவு என்று
தன் வாயால் சொல்லவேண்டும்.
ஒன்றரை, என்றாள் ஜெஸீமா.
ஒன்றரை, என்றார் ஐஸ்பெட்டி அருளம்பலம்,
சைக்கிளை விட்டு இறங்காமலே.
நான் ஒன்றும் இல்லை என்றேன்.

முகாமால் வந்த வருசம் அது கிடுகு.
பிறகு தகரம்.
பிறகு சீட்டுக்காசில்
மாதம் பத்துக் கல்லாக எழும்பிய சுவர்.
சாந்து பூசியதும் நான்தான்.
கோணல். தெரியும்.

ஒருவரும் வற்புறுத்தவில்லை.
அதுதான் கரைச்சலாய் இருந்தது.
கடைக்குப் போனால் கதைத்தார்கள்,
குழாயடியில் இடம் விட்டார்கள்,
நீற்றுக்கோடு மட்டும்
என் படிக்கட்டில் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஒரு இரவு, ஒன்றரை இரண்டு மணி.
மேரி சுவந்தி வாளியோடு போனாள்.
ஒரு கை மூடியை அமர்த்த
மற்றக் கை
இருட்டில் என் சுவரைத் தடவித் தடவி.
நான் யன்னலை மெல்லச் சாத்தினேன்.
நித்திரை வரவில்லை.

விடிய, ஒரு அடி என்றேன்.
“ஒன்றரை?”
ஒன்று.

ஆகவே எங்கள் ஒழுங்கை
என் வாசலில் அரை அடி வளைகிறது.
உடைத்த கற்கள் வடிகாலின் அடியில்.
நேராக்கிவிட்டால் என்ன என்று கேட்டார் இஞ்சினியர்.
குசுமாவதி அக்கா ரேத்தண்ணியை நீட்டி
“அது அவள்” என்றா,
வளைவைக் காட்டி.

காணி உறுதி இன்னும் வரவில்லை.
பவுசர் வருகிறது.
சாரதி கண்ணாடியை மடக்கி
பரம்பரையோடு என்னைத் திட்டியபடி திருப்புவான்.
குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.
சுவர் உரசப் போகும் நேரம்
வெளியே வந்து
இடப்பக்கம் ஒடி தம்பி, இன்னும், இன்னும்
என்று கை காட்டுவேன்.