புலுனிக்கு இன்னொரு பெயர்

பன்னிரண்டடிக்கு ஒன்பதடி.
பின்மதிலுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே
மிஞ்சிப்போன நிலம்.
வாடகை விளம்பரத்தில் இதைத் தோட்டம் என்று போட்டிருந்தார்கள்.
ஒரு கறிவேப்பிலை, ஒரு ஜம்பு,
பக்கத்து மாடியின் ஏசி சொட்டுகிற இடத்தில் மட்டும்
யாரும் நடாமலே வந்த சேம்பு.

கணுக்கால் முறிந்து ஆறு கிழமை
பின்கதவடியில் கதிரை போட்டு இருந்தபோதுதான் தெரிந்தது
இந்த முகவரியில் நான் ஒருத்தி மட்டுமில்லை என்று.

விடிய, காலி வீதியில் முதல் பஸ் போன பிறகு,
கடற்கரை ரயில் வருவதற்கு முன்,
மதிலுக்கப்பால் செண்பகம்
போத்தல் கவிழ்ந்து தண்ணீர் போவதுபோல் கூப்பிடும்.
அணில் பாதி தின்றுவிட்டுப் போன ஜம்புவை
எறும்புகள் முடித்துவைக்கும்.
சேம்பிலையில் நத்தை போட்ட ஓட்டை
நேற்று ஐம்பது சதமளவு,
இன்று இரண்டு ரூபாய்.

பிறகு புலுனிகள்.
மண்ணில் புரண்டெழுந்த நிறம், மஞ்சள் அலகு,
நித்திரையே கொள்ளாத ஆளின் வெளிறிய கண்.
ஏழாகத் திரியும் என்பார்கள்.
நான் எண்ணும்போதெல்லாம் ஆறு.
சருகைப் புரட்டிப் புரட்டி ஒரே கதை,
யாருடையதோ கலியாண வீட்டில்
பலகாரம் பத்தாமல் போனதுபோல.
ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிடும்போதும்
வாய் மட்டும் ஓயாது.
அதுகளுக்கென்று ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தேன்.

வியாழக்கிழமை டெங்கு பரிசோதகர் வந்தார்.
சட்டையில் குத்திய அட்டையில் லலந்த விஜேகோன்.
பீலிக்குள் டோர்ச் அடித்தார்,
பூச்சட்டித் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார்,
சிரட்டையடியில் குந்தினார்.
உள்ளே நாலு புழு
வளைந்தும் நிமிர்ந்தும்
எதையோ கேட்டுக்கொண்டிருந்தன.
மூன்று நாளாய் அதுகளையும்
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.

யாருக்கு இந்தத் தண்ணீர் என்றார்.
குருல்லாவுக்கு என்றேன்.
என் சிங்களத்தில் எல்லாப் பறவையும் குருல்லாதான்.
அந்த நேரம் பார்த்து ஆறும் வந்து இறங்கின.
மனிதரின் முகத்திலிருந்து உத்தியோகம் கழன்றது.
"ஆ, தெமலிச்சோ!" என்றார்,
பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

சொன்ன பிறகுதான்
கையிலிருந்த படிவத்தில் என் பெயரைப் பார்த்தார்.

தெமலிச்சா. தமிழிச்சி.
ஓயாமல் கதைப்பதால் வைத்ததாம்.

சிரிப்பு வந்தது எனக்கு. உடனே அல்ல.
எண்பத்து மூன்றுக்குப் பிறகு பிறந்தவள்தான் நான்.
இருந்தும் பஸ்ஸில் அம்மாவின் அழைப்பு வந்தால்
"ம்", "ம்ம்", "இறங்கிட்டு எடுக்கிறன்",
அவ்வளவுதான் என் தமிழ்.
தெஹிவளையிலிருந்து கோட்டை வரைக்கும்
ஒரு சொல்லுக்கு மேல் கேட்டிருக்காது
பக்கத்து இருக்கைக்கு.
யாருடைய வாயைக் கேட்டு
இந்தப் பெயரை வைத்தார்கள்?

"உங்கள் பாஷையில் என்ன?"
காதெல்லாம் சிவந்திருந்தது அவருக்கு.
"புலுனி."
"புலுனி," என்று சொல்லிப் பார்த்தார்.
திரும்பவும் ஒரு தடவை, பறவைகளைப் பார்த்து.
அதுகள் இரண்டு பெயரையும் சட்டை செய்யவில்லை.

எழுதினார்: சிரட்டை ஒன்று. குடம்பி உண்டு. முதல் எச்சரிக்கை.
பிரபாலினி என்ற என் பெயரில்
ஒரு கால் குறைந்திருந்தது.
எனக்கும் அப்போது ஒரு கால்தான் என்பதால் விட்டுவிட்டேன்.
கேற்றடியில் நின்று சொன்னார்,
தினமும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வையுங்கள்,
வைக்காமல் விடாதீர்கள்.

வெள்ளி காலை
ஊன்றுகோலோடு போய்க் கவிழ்த்தேன்.
நாலும் மண்ணில் கொஞ்ச நேரம் நெளிந்தன.
அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.
புதுத் தண்ணீர்.
ஒன்று குடித்தது, ஒன்று குளித்தது,
மற்ற நாலும் அதைப் பற்றி.

அம்மா எடுத்தா.
"என்னடி அங்க இவ்வளவு சத்தம்?"
"ஆக்கள் வந்திருக்கினம் அம்மா," என்றேன்,
"கொஞ்சம் உரத்துக் கதையுங்கோ."