எல்லாவற்றுக்கும் இல்லை

மூன்றாம் அரங்கில் மணி அடிக்கிற வேலை எனக்கு.
கணினி ஆய்வகத்து உதவியாளன் நான்;
இது சம்பளத்தில் சேராது.
பன்னிரண்டாம் நிமிடம் ஒரு தட்டு,
பதினைந்தில் இரண்டு.
மணி, கல்லூரிப் பிள்ளையாரிடம் இரவல்.

வாசலில் பதாகை:
செயற்கை நுண்ணறிவும் அறிவுசார் கணினி அமைப்புகளும்,
பன்னாட்டுக் கருத்தரங்கு.
பன்னாட்டுக்கு ஒரு நேபாளத்துப் பையன் வந்திருந்தான்,
நாங்குநேரியில் ரயிலிறங்கி, ஷேர் ஆட்டோவில்.
பத்து மணிக்குக் களக்காட்டு மலைக்காற்று
‘பன்’னைக் கிழித்துக்கொண்டு போனது.
செலோ டேப் தேடிப் போனவன்
பாதி வழியில் மணி அடிக்கத் திரும்பிவிட்டேன்.

முதல் அரங்கில் நிற்க இடமில்லை.
பெங்களூரிலிருந்து யாரோ திரையில் பேசினார்,
கரண்ட் போய் வந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.
இங்கே என்னோடு சேர்த்து எட்டுப் பேர்.

ஆவுடைத்தங்கம்,
முனைவர் பட்டத்தில் ஆறாம் வருஷம்.
ஏத்தன் வாழைக்கு நோய் சொல்லும் வல்லுநர் அமைப்பு.
இருநூற்றுப் பதினான்கு விதிகள்.
இலையோரம் மஞ்சள் ஏறினால்,
தண்டு அடியில் வெடித்திருந்தால்,
வாடல் நோய்; நம்பகம் புள்ளி ஏழு.
அந்தப் புள்ளி ஏழை
எடைக்கல் வைப்பதுபோல் வைத்தாள்.
ஏர்வாடி வரை வயல்வயலாய்
ஒரு வருஷம் சேற்றில் நடந்த எண் அது.

பின்வரிசையில் ஒருவர்:
“இன்னுமாம்மா விதி எழுதிக்கிட்டு இருக்கீங்க?
லட்சம் படத்தைக் காட்டினா அதுவே படிச்சுக்கிடுமே.”
“படிச்சுக்கிடும் சார்.
ஏன்னு கேட்டா முழிக்கும். இது சொல்லும்.”
‘ஏன்’ என்ற பொத்தானை அமுக்கிக் காட்டினாள்.
சொன்னது.
நான் ஒரு தட்டுத் தட்டினேன்.

அமர்வுத் தலைவர் செல்வின் தங்கையா
அதுவரை பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தவர்,
ஜன்னலைக் காட்டினார்.
மெஸ்ஸுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீரில்
கொழுத்து நின்றது ஒரு வாழை.
“அதைக் கேட்கச் சொல்லுங்க. நான் பதில் சொல்றேன்.”

இலையோரம் மஞ்சள் உண்டா? இல்லை.
தண்டில் வெடிப்பு உண்டா? இல்லை.
குருத்து குறுகிக் கொத்தாய் நிற்கிறதா?
எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை.
கிழங்கில் துளை? பார்க்க முடியாது,
அவள் சரியென்று இல்லை போட்டாள்.
நாற்பது கேள்வி. நாற்பது இல்லை.
நாற்பத்தொன்றாவதாக அது கேட்டது:
இலையோரம் மஞ்சள் உண்டா?

யாரும் சிரிக்கவில்லை.
அந்த நேபாளத்துப் பையன் மட்டும்
சத்தமில்லாமல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.
“நல்லா இருக்கிற வாழைக்குன்னு” என்று தொடங்கி,
துப்பட்டா நுனியைச் சுருட்டி,
“என்னை யாருமே கூப்பிடலையே சார்” என்றாள்.

இரண்டு தட்டு அடிக்க வேண்டிய நேரம்
எப்போதோ போயிருந்தது.
சாம்பார் ஆறுதுன்னு
மெஸ் பிச்சையா வந்து வாசலில் நின்றபோதுதான்
கையில் மணி இருப்பது தெரிந்தது.

சான்றிதழில் அவள் பெயர் ‘ஆவுடை தங்கம்’ என்று
இரண்டாய்ப் பிரிந்து அச்சாகியிருந்தது.
பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு
இலையில் கூட்டு வைக்கும் முன்பே
வள்ளியூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாலை புரொஜெக்டரை அணைக்கப் போனேன்.
மதியமே எங்கள் கணினியில் ஏற்றிய அந்த நிரல்
அப்படியே திறந்து கிடந்தது, ஆளில்லாத நாற்காலிகளிடம்:
இலையோரம் மஞ்சள் உண்டா?
பகலெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.
பாவமாக இருந்தது.
உண்டு என்று அமுக்கினேன்.
வெடிப்பு? உண்டு.

சட்டென்று தெளிந்தது அதன் முகம்.
நோயின் பெயர், மருந்தின் அளவு,
பக்கத்துக் கன்றுகளையும் தோண்டி எரிக்கச் சொல்லும் எச்சரிக்கை,
புள்ளி ஏழு.
‘ஏன்’ என்று கேட்டேன்.
நீங்கள்தான் சொன்னீர்கள் என்றது.

ஜன்னலைச் சாத்தும்போது
வெளியே பார்க்காமல் சாத்தினேன்.