மூன்றாவது நாற்காலி

மொந்தேவிதேயோவில் ஜூலை.
ஆற்றுக் காற்று ஜன்னலை உலுக்குகிறது.
விசைப்பலகை ஒன்று, நாற்காலி இரண்டு,
மாத்தே குடுவை
யமந்தூவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவனுக்கு.
உறிஞ்சுகிறவர் தட்டச்சு செய்யக் கூடாது:
எங்கள் ஒரே சட்டம்.

நேற்றிரவு தனியே எழுதிய நாற்பது வரிகளை
அவன் படிக்கப் படிக்க
என் காது சூடாகிறது.
"யார் இந்த எக்ஸ் இரண்டு?" என்கிறான்,
கல்யாண வீட்டில் அறிமுகமில்லாதவரை
விசாரிப்பதுபோல்.
எனக்கே தெரியவில்லை.
பேர் வைக்காமல் பெற்றுப் போட்டிருக்கிறேன்.

படகுப் பட்டியலில்
கடைசிப் படகு மட்டும் வரமாட்டேன் என்கிறது.
பத்து இருந்தால் ஒன்பது.
ஒன்றே ஒன்று இருந்தால் வெறும் ஆறு.
பேக்கரிக் கல்லாவில் பதினோரு வருடம்
ஒரு பெசோ குறையாமல் எண்ணியவள் நான்.

அவனுக்கு விளக்கத் தொடங்கினேன்:
"பூஜ்யத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக,
கடைசிக்கு முந்தையது வரை..."
வாய் அங்கேயே நின்றது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
உறிஞ்சினான், சத்தமாக.

திருத்தினேன். பத்தும் வந்தன.
கை சும்மா இருக்குமா?
கீழே இறங்கி அவன் வரிகளுக்குள் போனேன்.
பதினேழாவதில் அதே பிழை,
மூன்று வருடமாக, கேட்பாரற்று.
யமந்தூ குனிந்து பார்த்தான்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், தன்னைத்தான்.
குடுவையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு
விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான்.

அதையும் திருத்தினேன்.
எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த அறையிலிருந்து இல்டா கத்தினாள்:
"யாரது?
கொலோனியா படகு
இப்போது இரண்டு முறை புறப்படுகிறது!"

வெந்நீரை மறுபடி ஏற்றினோம்.
அவளுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டோம்.