இருபத்தொன்று

இந்த ஊரின் பெயரைச் சொல்ல
முப்பத்திரண்டு பல்லும் வேண்டும்:
மொஷொன்மொஜொரோவார்.
எல்லை தாண்டிப் பல் கட்ட வருகிறவர்கள்
அதைச் சொல்லிப் பார்ப்பதில்லை,
கிளினிக் சீட்டை டாக்சிக்காரரிடம் நீட்டிவிடுகிறார்கள்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு கிளினிக்,
முடிதிருத்தகத்துக்குப் பின்னால் இரண்டு.
நான் எதிலும் இல்லை.
லொய்தா ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
டயர் கடை மாடியில்
வடக்குப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறேன்.
நிறம் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் நாணயமானது.

எனக்கு முகங்கள் வருவதில்லை.
ஜிப்சத்தில் வார்த்த தாடை வரும்,
கூடவே ஒரு சீட்டு,
அதில் டாக்டர் சபோல்ச்சின் கோழிக் கிறுக்கல்:
இருபத்தொன்று. ஏ-மூன்று. வியாழனுக்குள்.

ஏ-மூன்று என்றால்
முப்பது வருடக் காப்பி, கொஞ்சம் சிகரெட்.
பி-ஒன்று கேட்பவர்கள் ஒரு கல்யாணத்துக்குள் போகிறார்கள்
அல்லது ஒன்றிலிருந்து வெளியே வருகிறார்கள்.
பனிவெள்ளை என்று வரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்
தேநீர் போடப் போவேன்.
முத்துப்போல் வேண்டுமாம்.
முத்தால் யார் ஆப்பிள் கடித்தார்கள்?

வெனீர் வேலை இன்னும் மோசம்.
நகத்தைவிட மெல்லிய ஓடு.
ஒருமுறை தும்மினேன், ஒன்றைக் காணோம்.
மூன்று நாள் கழித்து
ஸ்வெட்டர் கைமடிப்பில் இருந்து
என்னைப் பார்த்து இளித்தது.

மார்ச் மாதத்து இருபத்தொன்று நன்றாக நினைவிருக்கிறது.
சீவிய பல்
எரிந்த தீக்குச்சிபோல நின்றது.
பக்கத்துப் பல் பிடிவாதக்காரன்:
லேசாகத் திரும்பி,
ஓரத்தில் சுண்ணாம்புப் பொட்டு,
நடுவே நூலிழை வெடிப்பு.

சிர்க்கோனியத் தொப்பியின் மேல்
பீங்கான் குழம்பைத் தொட்டுத் தொட்டு ஏற்றினேன்,
உலையில் சுருங்கும் என்பதால்
குதிரைப் பல் அளவுக்கு.
முதலாவது சாம்பல் தட்டியது. உடைத்தேன்.
இரண்டாவது அழகான சவம்.
மூன்றாவதின் விளிம்பில் கொஞ்சம் நீலம் விட்டேன்,
தண்ணீர் கலந்த பாலில்
கிண்ணத்தின் ஓரமாகத் தெரியுமே, அந்த நீலம்.
பொட்டையும் வைத்தேன்.
வெடிப்பையும் இழுத்தேன்,
ஒற்றை மயிர்த் தூரிகையால்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இல்டிகோ, காசு கொடுத்து வருகிறவனுக்கு விரிசலா?"
சபோல்ச் போனில் கத்தினார்.
பொருத்திப் பாருங்கள் என்றேன்.
பிறகு போன் வரவில்லை.
அவரிடமிருந்து போன் வராவிட்டால்
பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூனில், பெட்ரோல் பங்கில்,
ரிவர்ஸ் எடுத்த என் பழைய சுசூகி
வியன்னா நம்பர் கார் ஒன்றின் விளக்கை நொறுக்கியது.
இறங்கி வந்தார் அந்த ஆள்.
கழுத்து நரம்பு புடைக்க
என் ஏழு தலைமுறையையும் ஜெர்மனில் இழுத்தார்.
எனக்கு ஜெர்மன் நன்றாகவே தெரியும்.
ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

மேலுதடு எழும்போதெல்லாம்
நடுவில் அந்த இரண்டு பொட்டு.
அந்த இரண்டு வெடிப்பு.
எது அவருடையது, எது என்னுடையது என்று
ஒரு கணம் எனக்கே பிடிபடவில்லை.

உச்சி வெயில்,
எல்லாக் கள்ளத்தனமும் அம்பலமாகும் வெளிச்சம்.
ஈறோரம் சுத்தம், கறுப்புக் கோடு இல்லை.
எச்சில் மினுங்க,
ஒவ்வொரு 'ஃப்' வரும்போதும்
கீழுதட்டை அளவாகத் தொட்டுத் திரும்பியது.
இதை மாடியில் சோதித்துப் பார்க்க வழியில்லை.
ஜிப்சம் யாரையும் திட்டாது.

"என்ன சிரிப்பு?" என்றார்.
மன்னியுங்கள், விளக்கு எவ்வளவு என்றேன்.
சொன்னார்.
அந்தப் பல்லுக்கு எனக்குக் கிடைத்ததைவிட
இரண்டு மடங்கு.
எண்ணிக் கொடுத்தேன்.
வாங்கிப் பையில் வைத்தார்,
கோபம் வடிந்து வாயை மூடிக்கொண்டார்.

நான் குனிந்து
அவர் பம்பரைத் தடவிக் காட்டினேன்:
"இங்கேயும் ஒரு கீறல் விழுந்திருக்கிறது, பாருங்கள்."