தூம்பு

விடியற்காலை மூன்று நாற்பது.
குளுவாங்கில் ஆறு நாளாய் மழை.
பதினொன்றாம் பிளாக்கில் மண்சாலை நிற்கிறதா
என்று பார்க்கப் போன பரஞ்சோதி
எடைமேடைக்குப் போன் அடித்தான்:
"கிராணியம்மா, தூம்புக்குள்ள என்னமோ மூச்சு விடுது."

சிமெண்டுக் குழாயின் இருட்டிலிருந்து
ஒரு சாணும் தேறாத ஒன்று மட்டும்
வெளியே வந்து காற்றைத் தடவியது.
வலது. இடது. மேலே.
சாவித் துவாரம் தேடும் குடிகாரன் விரல் மாதிரி.

"ஆனைக்குட்டி," என்றான் பரஞ்சோதி.
"தெனுக்," என்றான் பங்களாதேஷி ரஃபீக்,
டார்ச்சை உள்ளே விட்டு,
முதுகில் வெள்ளைக் கோடுகளை எண்ணியபடி.

காட்டிலாகாவுக்கு அடித்தேன்.
எங்கே காயம், என்றார் துவான் ஜுல்கிப்ளி.
அதில்தான், என்றேன்.
"எதில்? ஹிடோங்கா, பெலாலையா?"

மூக்கா, தும்பிக்கையா.

போனில் பதினொரு சதவீதம் மிச்சம்.
அந்த நேரத்தில் போய்
ஒரு சொல்லைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றேன்.
தும்பி, யானை. தும்பியின் கை தும்பிக்கை.
சரி, யானைக்குத் தும்பி என்று ஏன் பேர்?
தூம்பு இருப்பதால் என்பார் சிலர்,
உள்ளே பொள்ளலாய், தண்ணீர் போகிற தூம்பு.
அப்படியானால் இது
தூம்புக்குள் அகப்பட்ட தூம்பு.

தும்பி, மழைக்கு முன்னால் தாழப் பறக்கிறதே, அதுவும்தான்.
மலாயிலும் பெலாலைக்குப் பக்கத்திலேயே
பெலாலாங், வெட்டுக்கிளி.
இத்தனை பெரிய மிருகத்தின் பேரருகே
இரண்டு பாஷையிலும் ஒரு பூச்சி
எப்படி வந்து உட்கார்ந்தது?

"ஹலோ? புவான்?"

"ஹிடோங்," என்றேன்.
போராங்கில் கட்டம் சின்னதாய்த்தான் இருக்கும்.

ஜீப் வர ஒன்றரை மணி நேரம்.
உரச் சாக்கில் மண் அள்ளி அவர்கள் மடை கட்ட,
முழங்கால் தண்ணீரில் குனிந்து
அதை மூழ்காமல் ஏந்திக்கொண்டிருந்தேன்.
மூக்குப் பிடிக்கத் தின்றிருக்கிறேன்.
மூக்கே பிடித்தது அன்றுதான்:
என் கட்டைவிரலை,
நுனியால் சுற்றி, ஈரமாய்,
விட்டு விட்டு, மறுபடியும்.

குழாயின் விளிம்பை உடைத்ததும்
எங்களை இடித்துத் தள்ளிவிட்டு
செம்பனைக்குள் ஓடிப்போனது.
ரஃபீக்குக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஏழு மணிக்கு முதல் லோரி.
எடைப் புத்தகத்தில்
லோரி நம்பர் எழுத வேண்டிய இடத்தில்
"கை" என்று எழுதியிருந்தேன்.
அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
அடுத்த வரிக்குப் போனேன்.